மட்டக்களப்பு வெக்கையில வீட்ட வெச்சு காளான் வளக்கிறது: புதுசாத் தொடங்கிற ஆக்களுக்கு

போன வருசம் ஆனி மாசம் 100 காளான் பை (மரத்தூளை நிரப்பி, காளான் விதை போட்டு வெச்ச பொலித்தீன் பை) வாங்கி வந்து வீட்டுக்குப் பின்னால இருந்த தகரக் கொட்டிலுக்குள்ள அடுக்கினன். வித்தவர் "தண்ணி தெளிச்சாக் காணும், வேற ஒண்டும் பாக்கத் தேவையில்ல" எண்டு சொன்னார். நாலாம் நாள் மொட்டு வந்துது, மாமி ஒவ்வொரு மணித்தியாலமும் போய்ப் போய்ப் பாத்திட்டு வந்தா. ஆறாம் நாள் கச்சான் காத்து அடிக்கத் தொடங்கிச்சு, பின்னேரம் போய்ப் பாத்தா அவ்வளவு மொட்டும் மஞ்சளிச்சுக் காஞ்சு கடதாசி மாதிரிக் கிடந்துது. அதுக்குப் பிறகு நானே பை செய்வம் எண்டு வெளிக்கிட்டு ரெண்டு தரம் பிழைச்சுது, ஒருக்கா பொலித்தீன் உருகிச்சு, மற்றத் தரம் எல்லாம் பச்சை பூத்துது. நாலாம் தரம் ஐப்பசியிலதான் சரியா வந்துது.

இணையத்தில கிடைக்கிற வீடியோவில கூடுதலானது கண்டிப் பக்கம், மலையடிவாரக் குளிர்ல வளக்கிற ஆக்களுடையது, இல்லாட்டித் தமிழ்நாட்டு ஆக்களுடையது. எங்கட மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோர வெக்கைக்கு அப்பிடியே எடுத்துச் செய்தா காசு போகும். அதால நான் பட்டுப் படிச்சதை வரிசையா எழுதுறன், நீங்க இதை வெச்சுக்கொண்டு தொடங்குங்க.

1. முதல்ல மாசத்தைப் பாருங்க

பை வாங்க முதல், கொட்டில் கட்ட முதல், கலண்டரைப் பாருங்க. எங்கட பக்கம் காளானுக்கு நல்ல காலம் ஐப்பசி மழை விழத் தொடங்கி மாசி வரைக்கும். அந்தக் காலத்தில காத்தில ஈரம் தானா இருக்கும், ராவைக்கு குளிரும், நீங்க பாதி வேலை செய்தாலே காளான் வரும். சித்திரைக்குப் பிறகு வெக்கை ஏறும், வைகாசியில இருந்து ஆவணி வரைக்கும் கச்சான். மேற்கால இருந்து மலையைத் தாண்டி வாற அந்தக் காத்து ஈரத்தை எல்லாம் மலைக்கு அங்கால கொட்டிட்டு வெறும் சூட்டோடதான் இஞ்ச வருது. காளானுக்கு அதை விடக் கெட்டது ஒண்டும் இல்ல, ஒரு பின்னேரம் காணும் முழு மொட்டையும் முடிக்க.

வெயில் காலத்தில வளக்கவே ஏலாது எண்டு சொல்லல்ல, இப்ப நானும் வளக்கிறன். ஆனா முதல் தரம் பழகிறதை ஐப்பசி, கார்த்திகையில பழகுங்க. ஆனி, ஆடியில தொடங்கித் தோத்துப் போனா "எங்கட ஊருக்கு இது சரிவராது" எண்டு விட்டுப்போட்டுப் போயிருவீங்க, அப்பிடி விட்ட ஆக்கள் எனக்குத் தெரிஞ்சே மூண்டு பேர் இருக்கிறாங்க.

2. எந்தக் காளான்

கடையில பொதுவாக் காணுறது சிப்பிக் காளான். அதுக்குள்ள கன வகை. சாம்பல் நிறமா, வெள்ளையா வாற "அமெரிக்கன் ஒயிஸ்டர்" எண்டு சொல்லுறது கொஞ்சம் குளிர் விரும்பும், மாரிக்கு நல்லம். அபலோன் எண்டு ஒரு வகை, தடிச்ச சதை, இறைச்சி மாதிரி மெல்லலாம், வெக்கையையும் தாங்கும், ஆனா பை முழுக்க வெள்ளை (காளானின்ட வேர் மாதிரியான வெள்ளை நூல்) பரவ கூட நாள் எடுக்கும், ஆறு கிழமை போனாலும் பயப்பிடாதீங்க. ரோஸ் நிறச் சிப்பியும் வெக்கை தாங்கும், கெதியா வரும், பாக்க அவ்வளவு வடிவு, ஆனா ஒரு நாள் கழிஞ்சா வாடும், சமைச்சா நிறம் போகும். பக்கத்து வீட்டுக்குக் குடுக்க நல்லம், கடைக்கு அனுப்பச் சரிவராது.

பால் காளான் எண்டு இன்னொண்டு இருக்கு. 30 பாகைக்கு மேலயும் சந்தோசமா வளரும், எங்கட வெயில் காலத்துக்கெண்டே செய்த மாதிரி. பறிச்சாப் பிறகும் சிப்பியை விட நாள் தாங்கும். ஆனா அதுக்குப் பை வெள்ளையான பிறகு மேல அவிச்ச மண் ஒரு அங்குலத்துக்குப் போடோணும். அந்த வேலைக்கு சிப்பியில கை பழகினாப் பிறகு போங்க. முதல் தரம் சிப்பி மட்டும்.

3. வெள்ளை பரவின பை 20 வாங்குங்க, கூட வேணாம்

எல்லாரும் விடுற பிழை இதுதான், நானும் விட்டன். "100 எடுத்தா விலை குறைச்சுத் தாறன்" எண்டு சொல்லுவாங்க, நம்பி எடுக்காதீங்க. 20 பையில தண்ணி, காத்து, வெளிச்சம் எல்லாம் பழகலாம். மூண்டு மாசம் ஒரு வீட்டுக் கறிக்கும் காணும், மிச்சத்தை அக்கம் பக்கத்துக்கும் குடுக்கலாம்.

நான் வாங்கின நேரம் ஒரு பை 110 ரூபா, திரீவீல் கூலி வேற. விலை மாறும், அதால ரெண்டு மூண்டு இடத்தில கேளுங்க. விலையை விட முக்கியம் வாங்கேக்க பாக்கிறது:

பையை வெளிச்சத்தில பிடிச்சுச் சுத்திப் பாருங்க, அடி வரைக்கும் வெள்ளையா இருக்கோணும். பச்சை, கறுப்பு, தோடம்பழ நிறத்தில ஒரு புள்ளி கண்டாலும் எடுக்காதீங்க, "அது ஒண்டும் செய்யாது" எண்டு சொன்னாலும் எடுக்காதீங்க. அமத்திப் பாத்தா இறுக்கமா இருக்கோணும், தொளதொளத்தா பழசு. மணந்தும் பாருங்க, புதுக் காளான் மணம் நல்லம், புளிச்ச மணம் கூடாது. மற்றது, விதை போட்ட திகதியைக் கேளுங்க. பையில திகதி எழுதாம விக்கிறவரிட்ட நான் இப்ப வாங்கிறதே இல்ல, ஏனெண்டா எனக்குத் தந்த 100 பையில கொஞ்சம் ஏற்கனவே ஒருக்காக் காய்ச்ச பையெண்டு மறுகாதான் விளங்கிச்சு.

கொண்டு வாறது காலையில, இல்லாட்டிப் பொழுது பட்ட பிறகு. மத்தியான வெயில்ல வாகனத்துக்குள்ள மூடிக் கொண்டு வந்தா பைக்குள்ள இருக்கிற உயிர் அவிஞ்சு போகும்.

4. கொட்டில்

20 பைக்குக் கொட்டிலே தேவையில்ல. வெயில் படாத குளியலறை மூலை, கிணத்தடி மறைப்பு, மாமரத்துக்குக் கீழ நாலு பக்கமும் சாக்குக் கட்டின இடம், இதுகள் காணும். படுக்கிற அறையில வேணாம், காளான் முத்தினா மாவு மாதிரி வித்துத் தூள் பறக்கும், இழுப்பு வருத்தம் உள்ள ஆக்களுக்குக் கூடாது. வளக்கிற நீங்களும் உள்ளுக்குப் போகேக்க மாஸ்க் போடுங்க.

கூடச் செய்யிறதெண்டா கிடுகுக் கொட்டில்தான் எங்கட ஊருக்கு ராசா. தகரம் வேணாம், கையில இருக்கிறது தகரம்தான் எண்டா அதுக்கு மேல கிடுகை ரெண்டு தட்டுப் போட்டு மூடுங்க. பெரிய மரத்து நிழல் பாத்துக் கட்டுங்க. நிலத்துக்கு சீமெந்து போடாதீங்க, எங்கட கரையோர மணலே நல்லம், மூண்டு அங்குலத்துக்கு மணல் பரப்பி நனைச்சு விட்டா அது பகல் முழுக்க ஈரத்தை மெல்ல மெல்ல விடும். வாசலை கிழக்கால இல்லாட்டி வடக்கால வைங்க, மேற்குப் பக்கமும் தெற்குப் பக்கமும் கிடுகால அடைச்சு உள்ளுக்கு சணல் சாக்குத் தொங்க விடுங்க, கச்சான் வாற பக்கம் அதுதான். மேல கூரையடியில ஒரு சாண் இடைவெளி விட்டு நுளம்பு வலை அடிங்க, ஈ வராது, காத்துப் போகும்.

பையைத் தட்டில அடுக்கலாம், இல்லாட்டி நைலோன் கயித்தில ஒண்டுக்குக் கீழ ஒண்டா நாலு ஐஞ்சு தொங்க விடலாம். தட்டெண்டா கால் ஒவ்வொண்டையும் தண்ணி ஊத்தின பேணிக்குள்ள வைங்க, எறும்பு ஏறாது.

5. தண்ணியும் காத்தும், வெற்றி தோல்வி எல்லாம் இதுலதான்

பையைக் கொண்டு வந்து ஒரு நாள் ஆற விடுங்க. அடுத்த நாள் கையைச் சவுக்காரத்தால கழுவிட்டு, பிளேட்டை ஸ்பிரிட்டால துடைச்சு, பையின்ட பக்கத்தில ரெண்டு அங்குல நீளத்துக்கு மூண்டு நாலு கீறல் போடுங்க. வெட்டு ஆழமாப் போகத் தேவையில்ல, பொலித்தீன் மட்டும் கீறுப்பட்டாச் சரி. சில ஆக்கள் பையின்ட வாயில இருக்கிற வளையத்தையும் பஞ்சையும் எடுத்து வாய்ப்பக்கத்தாலயே காளான் எடுப்பாங்க, அதுவும் சரி, ஆனா எங்கட காஞ்ச காத்துக்கு வாய் திறந்த பை கெதியாக் காயும். கீறல்தான் நல்லம்.

இப்ப தண்ணி. காளானுக்குத் தேவை நனைஞ்ச காத்து, நனைஞ்ச பை இல்ல. இந்த வித்தியாசம் விளங்க எனக்கு அரை வருசம் எடுத்துது. பைக்கு மேல பாட்டுக்கு ஊத்தினா கீறலுக்குள்ள தண்ணி இறங்கி மணக்கும், மறுகா ஈ வரும். நீங்க நனைக்கவேண்டியது நிலத்து மணல், சுவர், தொங்கிற சாக்கு. பைக்கு மேல புகை மாதிரிப் படுற சின்னத் துளியில மட்டும் அடிங்க, தலைமயிர் வெட்டுறவர் வெச்சிருக்கிற ஸ்பிரே போத்தல் காணும். மொட்டு குண்டூசித் தலை அளவில இருக்கேக்க நேர அதுக்கு மேல அடிக்கவே கூடாது, அழுகிரும்.

எத்தனை தரம்? மாரியில காலையும் பின்னேரமும் ரெண்டு தரம், மழை நாளில சில நேரம் ஒண்டும் தேவையில்ல. வெயில் காலத்தில காலை 7 மணி, 11 மணி, 2 மணி, பின்னேரம் 5 மணி, கச்சான் அடிக்கிற நாளில இடையில சாக்கை இன்னொருக்கா நனைக்கோணும். வேலைக்குப் போற ஆக்கள் எண்டா 11 மணிக்கும் 2 மணிக்கும் வீட்டில ஒராளை ஒழுங்கு பண்ணிப்போட்டுத் தொடங்குங்க, ஞாயிற்றுக்கிழமை மட்டும் பாக்கிற வேலை இல்ல இது. ஈரம் 80 இல இருந்து 90 வீதம் இருக்கோணும், சின்ன மீட்டர் ஒண்டு வாங்கித் தொங்க விட்டா ஊகிக்கத் தேவையில்ல. எனக்கு அந்த மீட்டர் வாங்கினாப் பிறகுதான் விளங்கிச்சு, நான் "நல்ல ஈரம்" எண்டு நினைச்ச மத்தியானத்தில உள்ளுக்கு 55 வீதம்தான் இருந்திருக்கு.

தண்ணியைப் பற்றி இன்னொண்டு. வாவிக்கரை, கடற்கரைப் பக்கம் கிணத்துத் தண்ணி உவர் எண்டா பாவிக்காதீங்க. பைப் தண்ணி எண்டா குளோரின் மணம் போக ஒரு ராத்திரி வாளியில வெச்சு அடுத்த நாள் எடுங்க.

காத்து: ஈரம் வேணும் எண்டு பயந்து எல்லாத்தையும் பொலித்தீனால மூடினா காளான் கால் நீண்டு தலை சின்னனா முருங்கைக்காய் மாதிரி வரும். மூச்சு முட்டுது எண்டு அது சொல்லுற விதம் அது. காலையில தண்ணி அடிச்சிட்டு அரை மணித்தியாலம் வாசலைத் திறந்து விடுங்க. வெளிச்சமும் கொஞ்சம் வேணும், உள்ளுக்கு நிண்டு பேப்பர் வாசிக்கக் கூடிய அளவு காணும், நேர வெயில் ஒரு கீற்றும் விழக் கூடாது.

6. எப்ப பறிக்கிறது

கீறி நாலில இருந்து ஏழு நாளைக்குள்ள மொட்டு வரும், அதில இருந்து மூண்டு நாலு நாளில பறிக்கலாம். தலையின்ட ஓரம் கீழ மடிஞ்சபடி இருக்கேக்கயே பறிங்க. ஓரம் நிமிந்து அலை அலையா விரிஞ்சா முத்திற்று, நிறை குறையும், நார் பத்தும், வித்துத் தூளும் பறக்கும். "இன்னும் ஒரு நாள் விட்டா பெரிசாகும்" எண்டு விடாதீங்க. கொத்தை அடியில பிடிச்சு மெல்ல முறுக்கினா முழுசா வரும். கத்தியால வெட்டி அடிக்கட்டையை விட்டா அந்த இடம் அழுகி ஈயைக் கூப்பிடும்.

பறிச்ச பிறகு ரெண்டு நாள் தண்ணியைக் குறைச்சு பைக்கு ஓய்வு குடுங்க, ஏழு பத்து நாளில அடுத்த தரம் வரும். ஒரு கிலோ பையில மூண்டு நாலு தரத்துக்கும் சேத்து 200 கிராமில இருந்து 300 கிராம் வரைக்கும் எனக்கு வருது, அதில பாதிக்குக் கிட்ட முதல் தரத்திலயே வந்திரும். ஒரு பையில ஒரு கிலோ எடுக்கலாம் எண்டு ஆராவது சொல்லிப் பை வித்தா கையெடுத்துக் கும்பிட்டிட்டு வாங்க.

7. பை நீங்களே செய்யிறது: மரத்தூள்

20 பையில ரெண்டு சுற்று நல்லா எடுத்தாப் பிறகு இதுக்குப் போங்க. சாமான்: மரத்தூள் 10 கிலோ, நெல் தவிடு 1 கிலோ, கல்சியம் காபனேட் 200 கிராம், பயத்தமா இல்லாட்டி சோயாமா 100 கிராம், எப்சம் உப்பு 20 கிராம். இதில ஒரு கிலோப் பை 20 க்கும் 25 க்கும் இடையில வரும்.

மரத்தூள்தான் எங்கட பக்கம் தலையிடி. ரப்பர் மரத்தூள் நல்லம், ஆனா கரையோரத்தில லேசில கிடைக்காது. மாமரத்தூளும் நல்லம். மரக்காலையில போய்ச் சும்மா "தூள் தாங்க" எண்டு கேட்டா தேக்கும் வேம்பும் பலகைக்கு அடிச்ச மருந்தும் கலந்த தூள்தான் வரும். அதில காளான் பரவாது. மாமரம் அறுக்கிற நாளைச் சொல்லச் சொல்லி, அண்டைக்குச் சாக்கோட போய் நீங்களே அள்ளுங்க. தவிடு மில்லில புதுசா வாங்குங்க, பழசில புழுவும் பூஞ்சணமும் ஏற்கனவே இருக்கும்.

எல்லாத்தையும் காஞ்சபடியே கலந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாத் தண்ணி விடுங்க. கையில அள்ளி இறுக்கிப் பொத்தினா உருண்டையா நிக்கோணும், விரலுக்குள்ளால தண்ணி சொட்டக் கூடாது, விரல் பட்டா உருண்டை உடையோணும். புட்டுக்கு மா குழைக்கிற பதம் தெரிஞ்ச ஆக்களுக்கு இது சொல்லத் தேவையில்ல.

பை வாங்கேக்க "பொலிப்ரொப்பலின்" எண்டு கேட்டு வாங்குங்க, 7 க்கு 14 அங்குலம், 200 கேஜ் தடிப்பு. சாதாரண ஷொப்பிங் பை பொலித்தீன் ஆவியில உருகும், என்ட ரெண்டாம் தரம் போனது இதாலதான், விலை குறைவா இருந்துதெண்டு வாங்கி 40 பையும் ஒண்டோட ஒண்டு ஒட்டிக் கிடந்துது. நிரப்பி நல்லா இறுக்கி, வாய்க்கு பிவிசி வளையம் போட்டு, பஞ்சு அடைச்சு, மேல பேப்பர் வெச்சு ரப்பர் பேண்ட் போடுங்க. நிரப்பின அண்டைக்கே அவிக்கோணும், அடுத்த நாளைக்கு வெச்சா எங்கட வெக்கைக்குப் புளிச்சிரும்.

8. அவிக்கிறதும் விதை போடுறதும்

210 லீட்டர் பெரல் ஒண்டு, அடியில கல் வெச்சு மேல பலகைத் தட்டு, தட்டுக்குக் கீழ தண்ணி. மருந்து வந்த பெரல் வேணாம், சாப்பாட்டுச் சாமான் வந்ததைப் பாத்து எடுங்க. பையை அடுக்கி சாக்கால மூடிக் கட்டி அடுப்பை மூட்டுங்க. நேரத்தை நெருப்பு மூட்டினதில இருந்து எண்ணக் கூடாது, ஆவி நல்லா வெளிய அடிக்கத் தொடங்கினதில இருந்து எண்ணோணும், அதில இருந்து 4 தொடக்கம் 5 மணித்தியாலம். இடையில நெருப்பு அணையவும் கூடாது, அடித்தண்ணி வத்தவும் கூடாது. விறகு முதலே கணக்காச் சேத்து வைங்க.

இறக்கி அடுத்த நாள் வரைக்கும் ஆற விடுங்க. கையை வெச்சா வெளியில ஆறின மாதிரி இருக்கும், உள்ளுக்கு சூடு நிக்கும், அந்தச் சூட்டில விதை போட்டா செத்திரும்.

விதை நம்பிக்கையான இடத்தில ஓடர் குடுத்து, பை அவிக்கிற நாளுக்குச் சரியா வந்து சேர மாதிரி எடுங்க. தானியத்தில வளந்த வெள்ளை, பாக்கெட் முழுக்க ஒரே நிறமா இருக்கோணும். பஸ்ஸில பார்சல் போட்டு வெயில்ல கிடந்து வந்த விதையாலதான் எனக்கு மூண்டாம் தரம் போச்சுது, இப்ப நானே போய்க் கொண்டு வாறன்.

விதை போடுற அறையில ஃபேனை நிப்பாட்டுங்க, ஜன்னலைச் சாத்துங்க, குளிச்சிட்டு சலவை உடுப்போட வாங்க, மேசை, கை, கரண்டி எல்லாம் ஸ்பிரிட்டால துடைங்க. ஸ்பிரிட் காஞ்சாப் பிறகு விளக்கைக் கொழுத்துங்க, ஈரக் கையோட நெருப்புக்குக் கிட்டப் போகாதீங்க, இதில கை எரிஞ்ச ஆக்கள் இருக்கிறாங்க. விளக்குக்குக் கிட்ட வெச்சுப் பஞ்சைத் திறந்து ஒரு மேசைக்கரண்டி விதை போட்டு உடன மூடுங்க. கதைக்காம செய்யுங்க, வாயில இருந்து போற கிருமியும் காணும். மூடின பையில திகதி எழுதுங்க.

பிறகு இருட்டான, காஞ்ச, காத்தோட்டமான இடத்தில மூண்டு தொடக்கம் நாலு கிழமை. இந்தக் காலத்தில தண்ணி அடிக்கவே கூடாது. பைக்குப் பை ரெண்டு விரல் இடைவெளி விடுங்க, வெள்ளை பரவேக்க பை தானே சூடாகும், நெருக்கி அடுக்கினா நடுவில உள்ளது வேகும்.

9. மரத்தூள் கிடைக்காட்டி வைக்கோல்

எங்கட ஊரில மலிவான வழி இதுதான் எண்டு நான் நினைக்கிறன். பெரும்போக வெட்டு மாசி, பங்குனியில முடியேக்க வயல்ல வைக்கோல் கேப்பாரில்லாமக் கிடக்கும். கடைசியா பூஞ்சண மருந்து அடிச்ச வயலா எண்டு விசாரிச்சு எடுங்க, அடிச்சதெண்டா காளானும் பரவாது, சாப்பிடவும் கூடாது. மழையில நனைஞ்சு கறுத்ததும் வேணாம். பொன் நிறத்தில காஞ்சதா எடுத்து உயரத்தில கட்டி வெச்சா ஐப்பசி வரைக்கும் இருக்கும்.

ரெண்டு அங்குலத் துண்டா வெட்டி ஒரு ராத்திரி ஊறப்போட்டு, பெரிய கிடாரத்தில ஒரு மணித்தியாலம் அவிச்சு, வடிச்சு, சுத்தமான பாயில ஆற விடுங்க. முறுக்கிப் பிழிஞ்சா ஒண்டு ரெண்டு துளிதான் வரோணும். 12 க்கு 24 அங்குலப் பையில ஒரு படை வைக்கோல், ஓரத்தைச் சுத்தி விதை, திரும்ப வைக்கோல், இப்பிடி நாலு படை, அமத்தி அமத்திப் போட்டு வாயைக் கட்டி, சுத்தவர பத்துப் பன்னிரண்டு ஊசித்துளை. 15 தொடக்கம் 20 நாளில வெள்ளையாகும். பெரல் தேவையில்ல, வளையம் தேவையில்ல. ஆனா மரத்தூள் பையை விட கெதியா ஓய்ஞ்சிரும், விதையும் கூடத் தேவை.

10. பச்சை, தோடம்பழ நிறம், ஈ, எலி

பச்சைப் பூஞ்சணம் கண்ட பையை அந்த இடத்தில வெச்சுத் திறக்காதீங்க. ஈரப் பேப்பரால சுத்தி, வளவுக்கு அங்கால கொண்டு போய்த் தாழுங்க. தோடம்பழ நிறத்தில பஞ்சுவாயில பொங்கி வாறது அதை விட மோசம், ஒரு ராத்திரியில பக்கத்துப் பைக்கெல்லாம் போகும், உடன வெளிய எடுங்க. பத்துப் பையில ஒண்டு போனா கவலைப்படாதீங்க. பாதி போனா அவிச்சது காணாது, இல்லாட்டி விதை பிழை.

சின்னக் கறுப்பு ஈக்கு மஞ்சள் மட்டையில கிறீஸ் பூசித் தொங்க விடுங்க. மருந்து அடிக்கவே வேணாம், காளான் அதைக் குடிச்சு உங்கட கோப்பைக்கே கொண்டு வரும். எலி விதைத் தானியத்துக்கு வரும், வெள்ளை பரவுற அறைக்கு வலை அடிங்க.

பையில நீங்க விதைக்காத வேற காளான், கறுத்த மை மாதிரி உருகிறது, மெல்லிசாக் குடை மாதிரி வாறது கண்டா பிடுங்கித் தாழுங்க. "காளான்தானே" எண்டு சமைக்காதீங்க. இடி மழைக்கு வளவில முளைக்கிறதையும் இதோட கலந்து விக்காதீங்க.

11. பழக்க வகுப்பும் பேப்பர் வேலையும்

வீட்டுக் கறிக்கு வளக்க ஒரு கடதாசியும் தேவையில்ல. கடைக்குக் குடுக்கத் தொடங்கேக்கதான் தேவை வரும்.

முதல்ல வகுப்பு. உங்கட கமநல சேவை நிலையத்தில விவசாயப் போதனாசிரியரைச் சந்திச்சுப் பெயரைக் குடுத்து வைங்க. மட்டக்களப்பு ஆக்களுக்குக் கரடியனாற்றில விவசாயப் பயிற்சி நிலையம் இருக்கு, பிரதேச செயலகத்தோட இருக்கிற விதாதா நிலையத்திலயும் (சிறு தொழிலுக்குத் தொழில்நுட்பம் சொல்லிக் குடுக்கிற அரசாங்க நிலையம்) கேளுங்க. விவசாயத் திணைக்களத்தின்ட 1920 எண்ட ஃபோன் நம்பருக்கு எடுத்தும் சந்தேகம் கேக்கலாம். வகுப்புச் சான்றிதழைப் பத்திரமா வைங்க, கடன், மானியம் எண்டு போகேக்க முதல்ல அதைத்தான் கேப்பாங்க.

வியாபாரப் பதிவு பிரதேச செயலகத்தில. விண்ணப்பப் படிவம், அடையாள அட்டைக் கொப்பி, ஜீ.எஸ்ஸின்ட (கிராம சேவகர்) உறுதிப்படுத்தல், இடம் உங்களுடையது எண்டா உறுதிக் கொப்பி, இல்லாட்டி வாடகை ஒப்பந்தம் அல்லது உரிமையாளரின்ட சம்மதக் கடிதம். நான் மூண்டு தரம் அலைஞ்சன், ஏனெண்டா அடையாள அட்டையில பழைய விலாசம், காணி உறுதி மாமின்ட பெயரில. நீங்க போக முதலே ஜீ.எஸ்ஸிட்ட வதிவிடச் சான்றும், காணிச் சொந்தக்காரரிட்ட கடிதமும் எடுத்துக்கொண்டு போங்க, ரெண்டு நாள் மிச்சம். எல்லாத்திலயும் ரெண்டு கொப்பி, மூலத்தையும் கையில வெச்சிருங்க. ஜீ.எஸ் ஒபிசில இருக்கிற நாளைக் கேட்டுப் போங்க.

பாக்கெட் பண்ணி விக்க முதல் உங்கட பகுதி பிஎச்ஐயை (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கூப்பிட்டு இடத்தைக் காட்டுங்க. அவர் வந்து பிழை பிடிக்கட்டும் எண்டு காத்திருக்காம நீங்களா முதல்ல போய்க் கேட்டா என்ன திருத்தோணும் எண்டு சொல்லித் தருவாங்க, எனக்கு அப்பிடித்தான் நடந்துது. ஸ்டிக்கர்ல பெயர், நிறை, பொதி செய்த திகதி, முடிவுத் திகதி, விலை, விலாசம் எல்லாம் இருக்கோணும்.

12. கணக்கும் விக்கிறதும்

20 வாங்கின பையில என்ட கணக்கு: பை 2,200 ரூபா, திரீவீல் 800, ஸ்பிரே போத்தல், கயிறு, சாக்கு எல்லாம் 1,200 க்குக் கிட்ட. மூண்டு மாசத்தில 5 கிலோ காளான், 200 கிராம் பாக்கெட் 25. நேர வீட்டுக்குக் குடுத்தா 250 ரூபாப்படி, கடைக்கெண்டா 200 தான் கிடைக்கும், விக்காம வாடினதைத் திருப்பியும் தருவாங்க. அதால முதல் சுற்றில கையில பெரிசா ஒண்டும் மிஞ்சாது, மிஞ்சிறது பழக்கம். 100 பைக்கு மேல போனா, பையை நீங்களே செய்தாத்தான் காசு தெரியும்.

பறிச்ச காளானைக் கழுவாதீங்க. துளை போட்ட பையில போட்டு ஃபிரிட்ஜில வெச்சா நாலு நாள் நிக்கும், காத்துப் போகாமக் கட்டினா ராவைக்கே வேர்த்து மணக்கும். காலையில பறிச்சு 9 மணிக்கு முதல் கடைக்குக் குடுங்க. விக்காததைக் கீறி வெயில்ல காய வைங்க, 10 கிலோவுக்கு ஒரு கிலோதான் வரும், ஆனா போத்தல்ல போட்டா மாசக் கணக்கில இருக்கும்.

பாசிக்குடா, அறுகம்பே ஹோட்டல்காரங்க நல்ல விலைக்கு எடுப்பாங்க, ஆனா அவங்கட சீசன் சித்திரையில இருந்து புரட்டாசி, எங்கட காளானுக்குக் கெட்ட காலம். அதால அவங்களுக்கு வாக்குக் குடுக்க முதல் ஒரு வெயில் காலத்தை அபலோன் இல்லாட்டிப் பால் காளானோட தாண்டிப் பாருங்க. குடுக்கிறன் எண்டு சொல்லி ஒரு கிழமை குடுக்காம விட்டா அடுத்த முறை ஃபோன் எடுக்க மாட்டாங்க.

புது ஆக்களுக்கு என்ட யோசனை, எங்கட ஊர் விரத நாளைப் பிடிங்க. கேதார கௌரி விரதம், கந்தசஷ்டி, மறுகா மார்கழியில திருவெம்பாவை, இந்த நாளில கன வீட்டில மச்சம் இல்ல. சில வீட்டில விரதத்துக்குக் காளானும் எடுக்க மாட்டாங்க, அதைக் கேட்டுத்தான் குடுக்கோணும், ஆனா எடுக்கிற வீடு கூட. பை செய்யிறதெண்டா ஆவணிக் கடைசியில விதை போட்டா புரட்டாசி முடியேக்க கீறலாம், ஐப்பசியில முதல் காய்ப்பு. வெள்ளை பரவின பை வாங்கிறதெண்டா கந்தசஷ்டி தொடங்க 10 நாளுக்கு முதல் கீறுங்க. ஐப்பசி நெருங்கினா எல்லாரும் கேப்பாங்க, பையும் கிடைக்காது, அதால ஆவணியிலயே முற்பணம் குடுத்துச் சொல்லி வைங்க, பணம் குடுத்ததுக்குத் துண்டும் எழுதி வாங்குங்க.

காய்ச்சு முடிஞ்ச பையைக் கொட்டிலுக்குக் கிட்டக் கொட்டாதீங்க, ஈயும் பூஞ்சணமும் திரும்பி வரும். பொலித்தீனைக் கிழிச்சு எடுத்திட்டு, உள்ளுக்கு இருக்கிறதை வளவின்ட மற்றத் தொங்கல்ல குவிச்சு ரெண்டு மாசம் உக்க விட்டு கத்தரிக்கும் மிளகாய்க்கும் போடுங்க, எங்கட மணல் தரைக்கு நல்லா ஈரம் பிடிக்கும்.